நாம் கேட்கும் கேள்வி யாருக்குச் சொந்தம்?

2020 நவம்பரில் வெளியான ஒரு செய்தி உலகெங்கும் உள்ள முஸ்லிம்களை அதிர வைத்தது. தொழுகை நேரம், கிப்லா திசை, திருக்குர்ஆன் ஓதல் ஆகியவற்றுக்காகப் பல கோடி முறை பதிவிறக்கப்பட்ட 'முஸ்லிம் புரோ' செயலியிலிருந்து பயனர்களின் இருப்பிடத் தகவல் 'எக்ஸ்-மோட்' என்ற தரவு வணிக நிறுவனத்துக்குச் சென்றது, அங்கிருந்து ஒப்பந்ததாரர்கள் வழியாக அமெரிக்க இராணுவத்தை எட்டியது என்று 'மதர்போர்டு' இதழ் அம்பலப்படுத்தியது. இராணுவத்துக்குத் தாங்கள் தரவு விற்றதாகக் கூறுவது தவறு என்று செயலி நிறுவனம் மறுத்தது. ஆனாலும் எக்ஸ்-மோடுடன் இருந்த தொடர்பை உடனே துண்டித்துக்கொண்டது. அடுத்த மாதமே ஆப்பிளும் கூகுளும் எக்ஸ்-மோடின் மென்பொருள் துணுக்கைத் தங்கள் தளங்களிலிருந்து விலக்கின.

செய்தி பழையதாகிவிட்டது. அது எழுப்பிய கேள்வி இன்றும் அப்படியே நிற்கிறது. வக்து எப்போது, கிப்லா எங்கே, பக்கத்தில் ஹலால் உணவகம் எது என்று நாம் கேட்கிறோம். விடை கிடைக்கிறது. ஆனால் கேட்டவர் யார், எங்கிருந்து கேட்டார், எதைக் கேட்டார் என்ற விவரம் வேறொருவர் கையில் போய்ச் சேருகிறது. விடையைப் பெற வேண்டுமானால் நம்மைக் காட்டிக் கொடுத்தே ஆக வேண்டுமா? இதற்குக் கணித அறிஞர்கள் முப்பது ஆண்டுகளாக விடை தேடி வந்திருக்கிறார்கள். அது இப்போது நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கிறது. நமது சமுதாயம் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

கேள்வியே இரகசியமாக இருக்கும்போது

தரவுப் பாதுகாப்பு என்றதும் வங்கிக் கணக்கும் ஆதார் எண்ணும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. நம் குடும்பங்களில் உண்மையிலேயே மறைக்கப்பட வேண்டியவை பெரும்பாலும் வேறு. கணவனுடன் பிணக்கு ஏற்பட்ட ஒரு பெண், 'குலா' பற்றிய மார்க்கச் சட்டத்தை இணையத்தில் தேடுகிறார். கடனில் சிக்கிய ஒரு குடும்பத் தலைவர், தமக்கு ஜகாத் பெறத் தகுதி உண்டா என்று பார்க்கிறார். ஓர் இளைஞர், வீட்டில் யாரிடமும் சொல்லத் தயங்கும் நோய்க்கு மருந்து தேடுகிறார். இங்கே தரவுத்தளத்தில் இருப்பது எதுவுமே இரகசியமல்ல. மார்க்கத் தீர்ப்பும் மருந்து விவரமும் எல்லோருக்கும் திறந்தவை. அவற்றைக் கேட்டது இவர்தான் என்பது மட்டுமே இரகசியம்.

தனியொருவரின் கேள்வி அவருடைய மானத்தோடு தொடர்புடையது என்றால், ஒரு சமுதாயத்தின் கேள்விகள் மொத்தமாகத் திரட்டப்படும்போது அது வேறு ஆபத்தாகிறது. நியூயார்க் காவல்துறை முஸ்லிம்களைக் கண்காணிக்கத் தனிப் பிரிவு ஒன்றையே நடத்தியதை 2011-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளிக்கொணர்ந்தது. முஸ்லிம்கள் எங்கே தொழுகிறார்கள், எந்தக் கடையில் சாப்பிடுகிறார்கள், எங்கே கூடுகிறார்கள் என்று அந்தப் பிரிவு பட்டியல் போட்டது. அதன் பணியிலிருந்து ஆறு ஆண்டுகளில் ஒரு பயங்கரவாத வழக்குக்கான துப்புகூடக் கிடைக்கவில்லை என்று அத்துறையின் உயர் அதிகாரியே 2012-இல் நீதிமன்ற வாக்குமூலத்தில் ஒப்புக்கொண்டார். 2014-இல் அப்பிரிவு கலைக்கப்பட்டது. அன்று அந்தப் பட்டியலுக்காக ஆட்கள் தெருத் தெருவாக அலைய வேண்டியிருந்தது. இன்று நமது கைபேசித் தேடல்களைச் சேர்த்தாலே போதும், பட்டியல் தானாக உருவாகிவிடும்.

பிறரைத் துருவித் துருவி ஆராய்வதைத் திருக்குர்ஆனின் 49-ஆம் அத்தியாயம் 12-ஆம் வசனம் தடை செய்கிறது. அனுமதி பெறாமல் அடுத்தவர் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று 24-ஆம் அத்தியாயம் 27-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அந்தரங்கம் என்பது மேற்கத்திய நாடுகள் நமக்குக் கற்றுக்கொடுத்த புதுச் சரக்கு அல்ல. அது நமது மார்க்கத்தின் ஒழுக்கம்.

பள்ளிவாசல் சுவரில் தொங்கும் அட்டவணை

பள்ளிவாசல் சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையைக் கவனியுங்கள். ஆண்டு முழுவதற்குமான நேரங்கள் அதில் இருக்கின்றன. நாம் எந்தத் தேதியைப் பார்த்தோம், ஃபஜ்ரைப் பார்த்தோமா மஃக்ரிபைப் பார்த்தோமா என்பது அதை அச்சிட்டவருக்குத் தெரியாது. முழுத் தகவலும் நம் கையில் இருந்தால் நமது கேள்வி வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை. கேள்வியை மறைப்பதற்கு இதைவிட எளிய வழி கிடையாது.

செயலிகளுக்கும் இது பொருந்தும். தொழுகை நேரத்தைக் கணக்கிட ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி ஆகியவற்றோடு கணக்கிடும் முறையும் தெரிந்தால் போதும். 14-ஆம் நூற்றாண்டிலேயே டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலின் நேரக் கணிப்பாளராக இருந்த இப்னு அஷ்ஷாத்திர் போன்றவர்கள் இந்தக் கணக்கைக் கையால் போட்டார்கள். நமது கைபேசி அதை நொடிக்குள் தானே போட்டுவிடும். கிப்லாவும் அப்படித்தான். திருக்குர்ஆன் மூலமும் தமிழாக்கமும் எழுத்து வடிவில் சில எம்பி அளவுக்குள் அடங்கிவிடும். இவற்றுக்காக நமது இருப்பிடம் எந்த சர்வருக்கும் போக வேண்டியதில்லை.

ஆனால் எல்லாவற்றையும் இப்படிக் கையில் வைத்துக்கொள்ள முடியாது. உலகம் முழுவதும் உள்ள ஹலால் உணவகங்கள், விமானப் பயண விவரங்கள், கோடிக்கணக்கான தொலைபேசி எண்கள் ஆகிய அனைத்தையும் ஒரு கைபேசியில் இறக்க இயலாது. அவை நாள்தோறும் மாறவும் செய்கின்றன. அங்கே சர்வரைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அப்படிக் கேட்கும்போது கேள்வியை எப்படி மறைப்பது?

இருவரிடம் பாதிப் பாதியாகக் கேட்பது

1995-இல் பென்னி சோர், ஓடெட் கோல்ட்ரைக், ஏயால் குஷிலேவிட்ஸ், சென்னையில் பிறந்த மது சூடான் ஆகிய நால்வரும் இதற்கு ஒரு வழியைக் காட்டினார்கள். 'பிரைவேட் இன்ஃபர்மேஷன் ரிட்ரீவல்', சுருக்கமாக பிஐஆர் என்று அது அழைக்கப்படுகிறது. கேள்வியைக் காட்டாமலே விடையைப் பெறுவது என்று நாம் தமிழில் சொல்லலாம்.

ஒரு சிறு கணக்கில் அதைப் புரிந்துகொள்ளலாம். ஐந்து மருந்துகளின் விலைப் பட்டியல் இருக்கிறது: 10, 40, 25, 60, 35 ரூபாய். அதே பட்டியல் இரண்டு தனித்தனி சர்வர்களில் உள்ளது. நமக்கு வேண்டியது நான்காவது மருந்தின் விலை. ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு நாணயத்தைச் சுண்டுகிறோம். முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் தலை விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். முதல் சர்வரிடம், ஒன்றையும் மூன்றையும் கூட்டிச் சொல் என்கிறோம். விடை 35. இரண்டாவது சர்வரிடம் அதே பட்டியலோடு நான்கையும் சேர்த்து, ஒன்று, மூன்று, நான்கு ஆகியவற்றைக் கூட்டிச் சொல் என்கிறோம். விடை 95. இரண்டுக்கும் வித்தியாசம் 60. நமக்கு வேண்டிய விலை வந்துவிட்டது. நாணயம் சுண்டியபோதே நான்கும் பட்டியலில் வந்திருந்தால், இரண்டாவது சர்வரிடம் கேட்கும்போது அதை நீக்கிவிட்டால் போதும்.

இரண்டு சர்வர்களில் எது பார்த்தாலும் அதற்குத் தெரிவது, நாணயம் சுண்டியதால் வந்த தற்செயலான எண்கள் மட்டுமே. நாம் கேட்டது நான்காவது மருந்தைத்தான் என்பதை எந்த ஒன்றாலும் தனியாகக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டும் கூட்டுச் சேரக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. இங்கே ஒரு நிறுவனத்தின் வாக்குறுதியை நாம் நம்ப வேண்டியதில்லை. கணக்கே காவல் நிற்கிறது.

ஒரே சர்வர்தான் இருக்கிறது என்றால்? அதற்கும் 1997-இல் குஷிலேவிட்ஸும் ரஃபேல் ஓஸ்ட்ரோவ்ஸ்கியும் வழி கண்டார்கள். நாம் கேள்வியைப் பூட்டிய பெட்டிகளாக அனுப்புகிறோம். வேண்டிய வரிக்குரிய பெட்டிக்குள் 1 இருக்கும், மற்ற எல்லாவற்றுக்குள்ளும் 0 இருக்கும். எதற்குள் எது என்று சர்வருக்குத் தெரியாது. பெட்டிகளைத் திறக்காமலே ஒவ்வொரு வரியையும் அதனதன் பெட்டியோடு பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, பூட்டிய விடையாகவே அது திருப்பி அனுப்புகிறது. திறவுகோல் நம்மிடம் மட்டுமே உண்டு. பூட்டைத் திறக்காமலே உள்ளிருக்கும் எண்ணைக் கணக்கிட விடும் மறையாக்க முறைகள் இதைச் சாத்தியமாக்குகின்றன.

இத்தனை ஆண்டுகள் ஏன் ஆயின?

வழி தெரிந்தும் இது ஏன் நம் கைபேசிக்கு வரவில்லை? காரணம் செலவு. சாதாரணத் தேடலில் சர்வர் நேராக நமக்கு வேண்டிய வரிக்குப் போய் எடுத்துத் தந்துவிடும். மறைத்துக் கேட்கும்போது அது ஒவ்வொரு வரியையும் தொட்டாக வேண்டும். ஏதேனும் ஒரு வரியை விட்டுவிட்டால், அந்த வரியை நாம் கேட்கவில்லை என்பது அதற்குத் தெரிந்துவிடுமே. பத்துக் கோடி வரிகள் இருந்தால், ஒரே ஒரு கேள்விக்காகப் பத்துக் கோடி பெருக்கல் செய்ய வேண்டும்.

ஒரே சர்வரை வைத்து அன்று இருந்த முறைகளால் இப்படிக் கேட்பதைவிட முழுத் தரவுத்தளத்தையும் பதிவிறக்கிவிடுவதே வேகமானது என்று 2007-இல் ராடு சியோனும் போக்டன் கார்புனாரும் கணக்கிட்டுக் காட்டினார்கள். துறையில் பலரும் சோர்ந்துபோன காலம் அது.

அதன்பின் நிலைமை படிப்படியாக மாறியது. இரண்டு சர்வர்களுக்கு அனுப்பும் பட்டியலை மிகச் சிறிதாகச் சுருக்கும் முறையை 2015-இல் எலெட் பாய்ல், நிவ் கில்போவா, யுவால் இஷாய் ஆகியோர் கண்டறிந்தனர். அதைக் கொண்டு 2017-இல் எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 'ஸ்ப்ளின்டர்' என்ற அமைப்பை உருவாக்கினார்கள். உணவகத் தேடல், விமானத் தேடல், வரைபட வழித் தேடல் ஆகிய மூன்றையும் கேள்வியை மறைத்தபடியே 1.6 நொடிக்குள் அது முடித்தது.

2023-இல் எம்.ஐ.டி.யின் அலெக்ஸாண்ட்ரா ஹென்சிங்கரும் சென்னை ஐஐடியில் பயின்ற வினோத் வைகுந்தநாதனும் இடம்பெற்ற குழு, 'சிம்பிள் பிஐஆர்' என்ற முறையை வெளியிட்டது. இதற்கு ஒரே சர்வர் போதும். கேள்வி வருவதற்கு முன்பே கனமான கணக்குகளை முடித்து வைத்துக்கொள்வதுதான் இதன் உத்தி. 1 ஜிபி தரவுத்தளம் என்றால், முதலில் ஒரு முறை 121 எம்பி அளவுள்ள குறிப்பை நாம் இறக்கிக்கொள்ள வேண்டும். அதன்பின் ஒவ்வொரு கேள்விக்கும் 242 கேபி போக்குவரத்து போதும். வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பும் ஒரு புகைப்படத்தின் அளவுதான் இது. செயலியின் ஒரே ஒரு உள்ளகம் நொடிக்கு 10 ஜிபி தரவை அலசிவிடுகிறது. கணினியின் நினைவகத்திலிருந்து தரவைப் படித்தெடுக்க ஆகும் நேரத்தை அது ஏறத்தாழ எட்டிவிட்டது.

2024-இல் ஆப்பிள் நிறுவனம் தனது ஐஓஎஸ் 18 மென்பொருளில் ஒரு பிஐஆர் முறையைச் சேர்த்தது. அழைப்பவர் யார் என்று பார்க்கும்போது, எந்த எண்ணைப் பற்றிக் கேட்கிறோம் என்பதைச் சேவை நிறுவனம் அறியாமலே விடை வருகிறது. 2025 ஜனவரியில் ட்ரூகாலர் தனது ஐபோன் செயலியில் இதைப் பயன்படுத்தத் தொடங்கியது. இதற்கான அடிப்படை மென்பொருளை ஆப்பிள் திறந்த மூலமாகவும் வெளியிட்டிருக்கிறது. அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

பூட்டிய கதவும் திறந்த ஜன்னலும்

இதைச் சர்வரோக நிவாரணியாக நாம் எண்ணிவிடக் கூடாது. முஸ்லிம் புரோ விவகாரத்தில் தகவல் கசிந்தது தேடல் வழியாக அல்ல. செயலிக்குள் பொருத்தப்பட்ட வேறொரு நிறுவனத்தின் மென்பொருள் துணுக்கு இருப்பிடத்தை நேரடியாக எடுத்துக்கொண்டது. பிஐஆர் நமது கேள்வியை மறைக்கும். கைபேசியில் நாம் கொடுத்த அனுமதியைப் பயன்படுத்தி எடுக்கப்படும் இருப்பிடத்தை அது மறைக்காது. நமது இணைய முகவரி, எத்தனை மணிக்குக் கேட்டோம் என்ற விவரம் போன்றவற்றை மறைக்கத் தனி ஏற்பாடு வேண்டும். முன்கதவைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைப்பதில் பயனில்லை.

ஒப்புதலும் முக்கியம். ஆப்பிள் தனது புகைப்படத் தேடலிலும் மறையாக்கம் செய்த தரவைக் கொண்டே இடங்களை அடையாளம் காணும் வசதியைச் சேர்த்தது. தொழில்நுட்பம் வலுவானதே. ஆனால் பயனரைக் கேட்காமல் அது தானாகவே இயங்கும்படி வைக்கப்பட்டிருந்தது கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. எத்தனை பாதுகாப்பான வழியாக இருந்தாலும், வீட்டுக்குள் வருமுன் ஸலாம் சொல்லி அனுமதி கேட்பதே முறை.

சட்டங்களும் இருக்கின்றன. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் நமது உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைச் சொல்லித் தனது அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை அச்சட்டம் ஒன்றிய அரசுக்கே தருகிறது. அமெரிக்காவில் எக்ஸ்-மோட் நிறுவனத்தின் மீது அந்நாட்டு வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்து, வழிபாட்டுத் தலங்கள் உள்ளிட்ட இடங்களுக்குச் சென்றோரின் தரவை விற்கத் தடை விதித்தது 2024-இல்தான். செய்தி வெளியாகி மூன்று ஆண்டுகளுக்கும் மேல் ஆன பிறகு.

சட்டம் பெரும்பாலும் தவறு நடந்த பின்பே வருகிறது. அதுவரை தரவு யாரிடமோ இருந்துகொண்டே இருக்கும். பிஐஆரின் உண்மையான மதிப்பு இங்கேதான் விளங்குகிறது. நிறுவனத்துக்கே தெரியாத கேள்வியை அது விற்க முடியாது. திருடர்கள் திருடவும் முடியாது. அரசு ஆணை வந்தாலும் கொடுப்பதற்கு எதுவும் இருக்காது.

இயலாமையா, விருப்பமின்மையா?

இது நடைமுறைக்கு ஒத்துவராது, செலவு அதிகம் என்றே நிறுவனங்கள் இதுவரை சொல்லி வந்தன. அந்தச் சாக்கு வலுவிழந்துவிட்டது. எல்லாத் தேடலையும் இன்றே இப்படி மாற்றிவிட முடியாதுதான். இணையம் முழுவதையும் தேடும் அளவுக்கு வந்தால் செலவு இன்னும் அதிகமே. ஆனால் உணவகப் பட்டியல், மருந்துப் பட்டியல், மார்க்கத் தீர்ப்புத் தொகுப்பு போன்ற அளவான தரவுத்தளங்களுக்குப் பிஐஆர் இப்போதே எட்டும் தூரத்தில் இருக்கிறது. அப்படியும் செய்யவில்லை என்றால், பல இடங்களில் காரணம் நமது கேள்விகளே அவர்களுடைய வியாபாரச் சரக்காக இருப்பதுதான். இலவசம் என்ற பெயரில் நாம் கொடுக்கும் விலை அது.

நமது குடும்பங்கள் இன்றே செய்யக்கூடியவை உண்டு. தொழுகைச் செயலிக்கு இருப்பிட அனுமதி தராமல் ஊரின் பெயரை நாமே தேர்ந்தெடுக்கலாம். அனுமதி தர நேர்ந்தால், 'பயன்படுத்தும்போது மட்டும்' என்றும் 'தோராயமான இருப்பிடம்' என்றும் தெரிவு செய்யலாம். ஆண்ட்ராய்டு 12 முதலும் ஐஓஎஸ் 14 முதலும் இந்த வசதி இருக்கிறது. இணையம் இல்லாமல் இயங்காத தொழுகை நேரச் செயலியைச் சற்று சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். நேரம் கணிக்க இணையம் தேவையே இல்லையே.

நமது சமுதாயத்துக்காகச் செயலி உருவாக்கும் இளைஞர்களிடம் நாம் வேண்டுவது சிறிது கூடுதல். கைபேசியிலேயே கணக்கிட முடிந்ததை அங்கேயே கணக்கிடுங்கள். சிறிய பட்டியலை ஊர் வாரியாக முழுதாக இறக்கிக் கொடுங்கள். 'இந்தத் தெருவுக்கு அருகே' என்று கேட்க வைப்பதைவிட 'இந்த மாவட்டம் முழுவதும்' என்று கொடுத்துவிட்டால், தெருவைக் கைபேசியே தேடிக்கொள்ளும். அதற்கும் மேலான பெரிய தரவுத்தளம் என்றால், திறந்த மூலமாகக் கிடைக்கும் பிஐஆர் மென்பொருள்களைப் பயன்படுத்திப் பாருங்கள். விளம்பர நிறுவனங்கள் தரும் துணுக்குகளை உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாமல் பொருத்தாதீர்கள். ஜமாஅத்துகளும் அமைப்புகளும் ஒரு செயலியை மக்களுக்குப் பரிந்துரைக்கும் முன், அது என்னென்ன தகவலை யாருக்கு அனுப்புகிறது என்று அதை உருவாக்கியவர்களிடம் எழுத்து வடிவில் கேட்டு வாங்க வேண்டும்.

குலா பற்றித் தேடும் அந்தப் பெண்ணுக்கு மார்க்க அறிவு கிடைக்க வேண்டும். அவர் தேடினார் என்பது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டுமே தெரிந்ததாக இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தர இன்று வழி இருக்கிறது. அந்த வழியைக் கேட்டு வாங்குவதும், நம் கையால் உருவாகும் செயலிகளில் அதைச் செய்து காட்டுவதும் நம் மீதுள்ள அமானிதம். இன்ஷா அல்லாஹ், அதை நாம் நிறைவேற்றுவோம்.